எத்தனை ஸ்பூன் மஞ்சள்?

நாலு பேர் சாப்பிடும் குழம்புக்கு நம் வீடுகளில் அரை டீஸ்பூன் மஞ்சள்தூள் போடுவோம். மஞ்சளின் நிறத்துக்கும் அதன் மருத்துவப் புகழுக்கும் காரணம் குர்குமின் என்ற பொருள். தூளில் அது ஏறக்குறைய 3 சதவீதம்தான். குடல் நோயாளிகளுக்கு ஜப்பானில் கொடுத்துப் பார்த்த குர்குமினோ நாளொன்றுக்கு 2 கிராம். அதை அஞ்சறைப்பெட்டியிலிருந்து எடுப்பதென்றால் 60 கிராமுக்கு மேல் தூள் வேண்டும், அதாவது இருபது டீஸ்பூனுக்கும் அதிகம். ராத்திரி ஒரு டம்ளர் மஞ்சள் பால் குடிப்பதில் தப்பே இல்லை. அதை மருந்துக் கணக்கில் எழுதாமல் இருந்தால் போதும்.

குடல் அழற்சி நோய் என்று மருத்துவர்கள் சொல்வது இரண்டு நோய்களை. ஒன்று பெருங்குடலின் உள்தோல் புண்ணாகிப்போகும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். மற்றொன்று வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரக்கூடிய க்ரோன் நோய். இரண்டிலும் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சொந்தக் குடலைத் தாக்குகிறது. ரத்தம் கலந்து வயிற்றால் போனால் பலர் மூலம் என்றே நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருப்பார்கள். க்ரோன் நோயைக் குடல் காசநோயிலிருந்து பிரித்தறிய நம் ஊர் மருத்துவர்களே திணற வேண்டியிருக்கிறது.

இந்த நோய்க்கு இன்னொரு குணம் உண்டு. கொஞ்ச நாள் பொங்கும், பிறகு தானாகவே கொஞ்ச நாள் அடங்கும். அடங்குகிற வாரத்தில் யார் எந்தக் கஷாயம் கொடுத்தார்களோ அவர்களுக்குக் கைராசிக்காரர் என்ற பேர் கிடைத்துவிடும். வெறும் மாவு மாத்திரை தின்ற குழுவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இங்கே எதையும் நம்ப முடியாது.

அப்படிப் பார்த்த ஆய்வுதான் 2006-ல் ஜப்பானில் ஹனாய் குழுவினர் வெளியிட்டது. நோய் அடங்கியிருந்த கொலைட்டிஸ்காரர்கள் 89 பேர். எல்லோரும் வழக்கமான சல்ஃபாசலசின் அல்லது மெசலமைன் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு மட்டும் கூடவே குர்குமின், காலையில் 1 கிராம், மாலையில் 1 கிராம். ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது குர்குமின் பக்கம் 43 பேரில் 2 பேருக்கும், போலி மாத்திரை பக்கம் 39 பேரில் 8 பேருக்கும் நோய் திரும்பியிருந்தது. குர்குமினை நிறுத்தி இன்னும் ஆறு மாதம் பார்த்தபோது அந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துபோனது. 2015-ல் வந்த இன்னொரு ஆய்வில், மெசலமைனுக்கு அடங்காத லேசான, நடுத்தரக் கொலைட்டிஸுக்கு நாளைக்கு 3 கிராம் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் 26 பேரில் 14 பேருக்கு நோய் அடங்கியது. போலி மாத்திரை சாப்பிட்ட 24 பேரில் ஒருவருக்கும் அடங்கவில்லை.

இதைப் படித்துவிட்டு மஞ்சள் மாத்திரை வாங்கக் கிளம்புகிறவர்கள் டெல்லி எய்ம்ஸ் ஆய்வையும் பார்க்க வேண்டும். அங்கே கொடுத்தது நாளைக்கு 450 மில்லிகிராம். பலன், போலி மாத்திரைக்கு மேல் ஒன்றும் இல்லை. க்ரோன் நோய்க்காக அறுவை செய்துகொண்டவர்களுக்கு பிரான்ஸில் நாளைக்கு 3 கிராமே கொடுத்துப் பார்த்தார்கள். நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை. இரண்டு நோய்க்கும் ஒரே மஞ்சள் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது. கொலைட்டிஸில் ஜெயித்த ஆய்வுகளிலும் குர்குமின் வழக்கமான மாத்திரையோடு சேர்ந்துதான் வேலை செய்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு மஞ்சளுக்கு மாறியவர்கள் அந்தக் கணக்கில் யாரும் இல்லை.

மிளகு சேர்த்தால் மஞ்சள் நன்றாக 'ஏறும்' என்பது இப்போது எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் தெரியும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-லேயே இதை அளந்தார்கள். 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது, ரத்தத்தில் சேரும் அளவு சுமார் இருபது மடங்கு ஏறியது. எனக்கு இதில் ஒரு சந்தேகம். புண் இருப்பது பெருங்குடலில். ரத்தத்தில் ஏறாமல் குடலோடு குடலாக இறங்கி வந்தால்தானே புண்ணைத் தொடும்? குர்குமினின் 'குறை' என்று மற்ற நோய்களில் சொல்லப்படுவது இங்கே வசதியாகவே இருக்கலாம். ஏற்றிவிடுவதில் ஆபத்தும் உண்டு. மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் கெட்ட 10 பேரை அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று 2022-ல் விவரித்தது. அதில் ஒருவர் இறந்துபோனார். மூன்று பேர் சாப்பிட்டதில் பைப்பரின் இருந்தது.

மஞ்சளுக்கு அடுத்து நீலம். அவுரியிலிருந்து நாம் எடுத்த அதே சாய நீலத்தை வேறு செடிகளின் இலையிலிருந்து எடுத்து, சீன மருத்துவத்தில் 'சிங்தாய்' என்று நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அதிலுள்ள பொருள்கள் குடலின் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டி, இன்டர்லூக்கின் 22 என்ற புரதத்தைச் சுரக்க வைக்கின்றன. கிழிந்த உள்தோலை ஒட்டவைப்பது அந்தப் புரதம். ஜப்பானில் 86 கொலைட்டிஸ்காரர்களுக்கு எட்டு வாரம் கொடுத்தார்கள். நாளைக்கு 1 கிராம் எடுத்தவர்களில் 75 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. போலி மருந்துக் குழுவில் சுமார் 14 சதவீதம். பெரிய பெரிய ஊசி மருந்துகளுக்கே இப்படி வாய்ப்பதில்லை.

ஆனால் அந்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. ஆய்வில் சேராத ஒருவர் சிங்தாயைத் தானே வாங்கி ஆறு மாதம் சாப்பிட்டிருக்கிறார். நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறிவிட்டது. 2016 டிசம்பரில் ஜப்பான் சுகாதார அமைச்சகம் எச்சரிக்கை விட்டது. குடலுக்குக் கொடுத்தது இதயத்தின் வலப்பக்கத்தைத் திணறடிக்கும் என்று இலையைப் பார்த்து யார் சொல்ல முடியும்?

சோற்றுக்கற்றாழைச் சாறு லண்டனில் 44 பேரிடம் ஓரளவு நல்ல பேர் வாங்கியது. சின்ன ஆய்வு, நாலே வாரம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

யாரும் பெருமையாகப் பேசாத இசப்கோல்தான் எனக்குப் பிடித்தது. 1999-ல் ஸ்பெயினில் நோய் அடங்கியிருந்த 105 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இசப்கோல் விதை நாளைக்கு 20 கிராம், ஒரு குழுவுக்கு மெசலமைன், ஒரு குழுவுக்கு இரண்டும். ஒரு வருடத்தில் சிகிச்சை தோற்றது முறையே 40, 35, 30 சதவீதம் பேருக்கு. பெரிய வித்தியாசமில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அந்த நாரைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடல் அணுக்களுக்கு அதுதான் சாப்பாடு. ஒன்று மட்டும். க்ரோன் நோயால் குடல் ஓரிடத்தில் சுருங்கிப்போனவர்களுக்கு இதே இசப்கோல் ஊறி உப்பி அடைத்துக்கொள்ளலாம். டப்பாவைத் திறக்கும் முன் ஸ்கேன் பார்த்த மருத்துவரிடம் கேட்க வேண்டியது, குடல் எங்காவது குறுகியிருக்கிறதா என்பதைத்தான்.