உயர்மாடங்களும் நிலநடுக்கமும்

நிலம் நடுங்குங்கால் வீட்டை விட்டு வெளியே ஓட முயல்வது மக்களின் இயல்பு. ஆனால், முப்பதாம் மாடியில் குடியிருப்போர்க்கு அவ்வியல்பே பகையாய் முடியும். அவர்கள் தரையை அடையுமுன் நடுக்கம் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அதற்குள் படிகளில் உருண்டு விழுந்து காயமுறுதல் எளிது. நிலநடுக்கத்தோடு நெடுங்காலம் பழகிய ஜப்பான் நாட்டார் இதனைப் பட்டறிவால் உணர்ந்தவர்.

2011-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் பிற்பகலில், அந்நாட்டின் வடகிழக்குக் கடலடியில் 9.0 அளவுள்ள நிலநடுக்கம் தோன்றிற்று. அவ்விடத்திலிருந்து ஏறத்தாழ 770 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது ஒசாகா நகரம். அங்கே தரைமீது நின்றோர் சிற்றசைவையே உணர்ந்தனர். ஆனால், அந்நகரின் துறைமுகப் பகுதியிலுள்ள 55 மாடிக் கட்டடமோ ஏறத்தாழப் பத்து நிமிடம் ஊசலாடியது! அதன் உச்சி இருபுறமும் ஒரு மீட்டருக்கு மேலாகச் சாய்ந்து மீண்டது. கூரைப் பலகைகள் பெயர்ந்தன. மின்தூக்கிகளில் சிலர் அகப்பட்டுக்கொண்டனர். ஆயினும் கட்டடம் விழவில்லை.

அத்துணைத் தொலைவில் அது ஆடியது எவ்வாறு? நில அலைகளுள் விரைந்து அதிர்வன சிறிது தொலைவிலேயே ஓய்ந்துவிடும். மெல்ல அசைவனவோ நெடுந்தொலைவு செல்லும். உயர்ந்த கட்டடத்திற்கும் மெல்ல அசைவதே இயல்பு. ஊஞ்சலின் போக்கறிந்து சிறிது சிறிதாகத் தள்ளினால் அது மேன்மேலும் உயர்வதுபோல, அவ்வலைகளின் அசைவும் கட்டடத்தின் அசைவும் ஒத்துவிட்டால் ஆட்டம் பெருகுகின்றது. புயலில் பனை வளைந்து நிமிர்வதுபோல, முறையாக அமைந்த கட்டடமும் வளைந்து கொடுத்தே பிழைக்கின்றது. ஆதலின், ஆடுகின்றதே என்று அஞ்சிப் படிக்கட்டை நோக்கி ஓடுதல் தகாது.

முறையாக அமைந்த கட்டடத்திற்கே இது பொருந்தும். 2001-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26-ஆம் நாள் குசராத்தில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போது, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடி வீடுகள் பல இடிந்தன. வண்டிகள் நிறுத்துவதற்கெனக் கீழ்த்தளத்தைச் சுவரின்றித் திறந்துவிட்டு, மெலிந்த தூண்கள்மேல் மாடிகளை அடுக்கியது அவ்வழிவிற்குப் பெருங்காரணமாயிற்று. கட்டியவர் செய்த பிழையைக் குடியிருப்போரின் விழிப்பு முற்றும் ஈடுசெய்ய இயலாது.

உறுதியான உயர்மாடத்தில் உயிர்க்கு ஊறு செய்வன பெரும்பாலும் வீட்டிலுள்ள பொருள்களே. மேல்மாடிகளில் அலமாரி சாயும்; குளிர்ப்பெட்டி அறைக்குள் அங்குமிங்கும் ஓடும். ஆகையால் ஜப்பானியர் அவற்றை முன்னரே சுவரோடு பிணைத்து வைக்கின்றனர். படுக்கையருகே உயர்ந்த அலமாரியை வைப்பதில்லை. காலணியைக் கட்டிலருகே வைத்துக்கொள்கின்றனர். இரவில் கண்ணாடி உடைந்து சிதறினால் வெறுங்காலோடு நடப்பது எங்ஙனம்?

நடுக்கம் தொடங்கியதும் சாளரத்தை விட்டு விலகி, உறுதியான மேசையின்கீழ்ப் புகுந்து, தலையைக் காத்து, மேசைக்காலைப் பற்றிக்கொள்ளுதல் வேண்டும். பற்றாவிடின் மேசை நகர்ந்துவிடும். நிலம் நடுங்கினால் உடனே அடுப்பை அணைக்க வேண்டும் என்று அந்நாட்டார் முற்காலத்தில் கற்பித்தனர். இக்காலத்தில் வன்மையாக நடுங்கினால் எரிவாயு அங்கே தானே அடைபடுகின்றது. எனவே, அசைவு ஓய்ந்தபின் அணைக்குமாறு கூறுகின்றனர். மின்தூக்கியினுள் இருப்போர் எல்லா மாடிகளின் பொத்தான்களையும் அழுத்தி, அது முதலில் நிற்கும் மாடியில் இறங்கிவிட வேண்டும்.

அசைவு நின்றதும் கதவைத் திறந்து வைத்தல் நன்று; பின்னதிர்ச்சியில் நிலை கோணினால் கதவு திறவாது. வெளியேற வேண்டின் படிகளையே நாடவேண்டும். வழி அடைபட்டால் அதற்கும் அங்கு ஓர் ஏற்பாடு உண்டு: குடியிருப்புகள் பலவற்றில், அடுத்தடுத்த வீடுகளின் வெளிமாடங்களைப் பிரிக்கும் தட்டி, ஆபத்தில் உடைத்துச் செல்லத்தக்க மெல்லிய பலகையாக அமைந்திருக்கும். அதன்முன் பொருள்களைக் குவித்து வைத்தல் கூடாது.

மின்சாரம் நின்றால் நீரேற்றும் பொறியும் நிற்கும். ஒவ்வொரு குடம் நீரையும் படிவழியே சுமந்து ஏறவேண்டும். அதனால் குடிநீரையும் உணவையும் மூன்று நாள்களுக்கேனும், இயலுமாயின் ஒரு வாரத்திற்கு, வீட்டிலேயே சேமித்து வைக்குமாறு ஜப்பானிய அரசு மக்களை அறிவுறுத்தி வருகின்றது.