காருக்கு 'கோன் பில்டர்' மாட்டப் போறீங்களா? பழைய டப்பாவை தூக்கிப் போட்டுடாதீங்க!

கோவை,

கார் ரேஸ் என்றாலே தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் ஊர் கோவை. 2005-ம் ஆண்டு பார்முலா-1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் வளர்ந்த ஊர் இது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தய தளமும் இருக்கிறது. இதனால் செகண்ட் ஹேண்டில் கார் வாங்கும் வாலிபர்களுக்குக் கூட வண்டியை 'ரேஸ் கார்' மாதிரி மாற்றிப் பார்க்கும் ஆசை வந்து விடுகிறது.

அந்த ஆசையில் முதலில் கை வைப்பது ஏர் பில்டரில்தான். சைலன்சர், டயர், அலாய் வீலை விட இதற்கு செலவு குறைவு. அரை மணி நேரத்தில் மாட்டி விடலாம். "மாட்டிப் பாருங்க, வண்டி பிச்சுக்கிட்டு போகும்" என்று கடையிலும் சொல்வார்கள்.

பிச்சுக்கிட்டு போகுமா? தவணை கட்டி ஓட்டும் வண்டியில் இதை மாட்டலாமா? விவரத்தை பார்ப்போம்.

காருக்கும் மூச்சு உண்டு

பெட்ரோல் மட்டும் இருந்தால் என்ஜின் ஓடாது. எரிவதற்கு காற்று வேண்டும். 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை. லிட்டர் கணக்கில் சொன்னால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு சுமார் 9 ஆயிரம் லிட்டர் காற்றை என்ஜின் உள்ளே இழுக்கிறது.

இந்த காற்று போகும் வழிதான் 'ஏர் இன்டேக்'. பானெட்டை திறந்தால் கறுப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா தெரியும். அதற்குள் காகித பில்டர் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் என்ஜினுக்கு போகும். வெளி மார்க்கெட்டில் விற்கும் கிட்டில் இந்த டப்பாவே கிடையாது. அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் குழாய், அதன் நுனியில் கூம்பு வடிவில் ஒரு பில்டர், இரண்டு மூன்று கிளாம்பு. அவ்வளவுதான். இதைத்தான் 'கோன் பில்டர்' என்கிறார்கள்.

டப்பா சும்மா இல்லை

'கம்பெனிக்காரன் ஏதோ டப்பாவை வெச்சிருக்கான்' என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்த டப்பா 4 வேலை செய்கிறது.

ஒன்று, தூசியை வடிகட்டுகிறது. இரண்டு, காற்று உறிஞ்சும் சத்தத்தை அடக்குகிறது. மூன்றாவது முக்கியமானது. டப்பாவின் வாய் பெரும்பாலான கார்களில் முன்பக்க கிரில் அல்லது ஹெட்லைட் பக்கம் பார்த்து இருக்கும். என்ஜின் சூடு படாத வெளிக்காற்றை இழுக்கத்தான் இந்த ஏற்பாடு. நாலாவது, அந்த வாய் உயரத்தில் இருப்பதால் ரோட்டில் தேங்கும் தண்ணீர் சுலபமாக உள்ளே போகாது.

டப்பாவை கழற்றி கோன் பில்டரை அப்படியே பானெட்டுக்குள் விட்டால் என்ன ஆகும்? என்ஜின் பக்கத்திலேயே இருந்து அனல் காற்றை இழுக்கும். காற்று சூடானால் அதன் அடர்த்தி குறையும். 30 டிகிரி காற்றுக்கு பதில் 60 டிகிரி காற்று போனால், அதே அளவு இடத்தில் சுமார் 9 சதவீதம் காற்று குறைவு. அதாவது காசு கொடுத்து சக்தியை குறைத்துக் கொண்ட கதை. சிக்னலிலும், டிராபிக்கில் ஊர்ந்து போகும்போதும் இது நன்றாகவே தெரியும்.

சத்தம்தான் ஏமாற்றும்

மாட்டியதும் வண்டி வேகமாக போவது போல தோன்றும். அடக்கி வைத்திருந்த டப்பா போய்விட்டதால் 'உஸ்' என்று உறிஞ்சும் சத்தம் காதில் விழும். சத்தம் கூடினால் வேகமும் கூடியதாக மனசு நம்பி விடும்.

டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் காரில் வெறும் பில்டரை மாற்றினால் கிடைக்கும் சக்தி மிகக் கொஞ்சம். அதுவும் ஆக்சிலேட்டரை கடைசி வரை மிதிக்கும்போதுதான். ஊருக்குள் பாதி மிதியில் ஓட்டும்போது காற்றை தடுப்பது பில்டர் அல்ல, திராட்டில் கதவுதான்.

"மைலேஜ் கூடும்" என்ற பேச்சும் இப்படித்தான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் பெட்ரோல் கார்களில், பில்டர் அடைத்துப் போனால்கூட மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை, பிக்கப் மட்டுமே குறைந்தது என்று அதில் தெரிய வந்தது. அடைத்த பில்டரே மைலேஜை குறைக்காதபோது, புது பில்டர் எங்கிருந்து கூட்டும்?

மாட்டினால் எப்படி மாட்டுவது?

இவ்வளவுக்கும் பிறகு ஆசைப்பட்டு மாட்டுபவர்கள் கவனிக்க வேண்டியவை:

* என்ஜின் நன்றாக ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்ற வேண்டும்.

* பழைய குழாயில் சென்சார் இருந்தால் அதன் பிளக்கை பூட்டை அமுக்கி மெதுவாக எடுக்க வேண்டும். ஒயரை பிடித்து இழுக்கக் கூடாது.

* குழாய் கிளாம்பை தளர்த்தி, டப்பாவின் போல்ட்டுகளை கழற்றி வெளியே எடுக்க வேண்டும். திறந்திருக்கும் திராட்டில் வாயை சுத்தமான துணியால் மூட வேண்டும். ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்தாலும் என்ஜின் காலி. புது குழாயை மாட்டும் முன்பு துணியை மறக்காமல் எடுத்து விட வேண்டும்.

* என்ஜினிலிருந்து வரும் சின்ன பிரீதர் டியூப்பை புது குழாயில் மறுபடி மாட்ட வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். அந்த ஓட்டை திறந்து கிடந்தால் பில்டர் இருந்தும் பயன் இல்லை. அந்த வழியாக தூசி போகும்.

* காற்றை அளக்கும் 'மாஸ் ஏர் புளோ' சென்சார் உள்ள கார் என்றால், அதன் மேல் உள்ள அம்புக்குறி என்ஜினை பார்த்து இருக்க வேண்டும். குழாயின் விட்டம் மாறினால் சென்சார் கணக்கு தப்பும். 'செக் என்ஜின்' விளக்கு எரியும். எனவே அந்த மாடலுக்கு என்றே செய்த கிட்டை மட்டுமே வாங்க வேண்டும்.

* குழாய் ஆடாமல் பிராக்கெட் போட வேண்டும். பேன், பெல்ட், பேட்டரி முனையில் உரசக் கூடாது. பில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே சூடு தடுக்கும் தகடு அவசியம்.

* எண்ணெய் தடவிய காட்டன் பில்டரில் எண்ணெய் அதிகமானால் சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து அதை கெடுக்கும். இந்த பில்டரை பெட்ரோல், டீசலில் கழுவக் கூடாது. கம்ப்ரஸர் காற்று அடிக்கக் கூடாது. அதற்கான கிளீனரில் கழுவி, நிழலில் காய வைத்து, அளவோடு எண்ணெய் விட வேண்டும்.

மழை வந்தால் உஷார்

குளிர்ந்த காற்று வேண்டும் என்பதற்காக சிலர் குழாயை நீட்டி, பில்டரை முன்பக்க பம்பருக்கு உள்ளே தாழ்வாக வைக்கிறார்கள். வெயில் காலத்தில் இது சரி. மழைக்காலத்தில் இதுவே எமன்.

கோவையில் ஒரு மணி நேரம் அடித்து பெய்தால் போதும். லங்கா கார்னர், அவினாசி ரோடு மேம்பாலத்தின் கீழே உள்ள சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்று விடும். அதில் இறங்கினால் தாழ்வாக உள்ள பில்டர் தண்ணீரை உறிஞ்சும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் மோத, கனெக்டிங் ராடு வளைந்து விடும். பிறகு என்ஜினை பிரிக்க வேண்டியதுதான்.

தண்ணீரில் வண்டி ஆப் ஆனால் மறுபடி செல்ப் அடிக்கவே கூடாது. தள்ளி வெளியே கொண்டு வந்து மெக்கானிக்கை அழைக்க வேண்டும். சாதாரண இன்சூரன்சில் இந்த சேதத்துக்கு பொதுவாக பணம் கிடைப்பதில்லை. 'என்ஜின் பாதுகாப்பு' என்று தனியாக பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். அப்படி கட்டியிருந்தாலும், சொல்லாமல் மாற்றிய பாகத்தால் வந்த சேதம் என்றால் சிக்கல்தான். வாரண்டியிலும் இதே கதி.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகன சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பில்டர் மாற்றுவதால் ஆர்.சி. விவரம் மாறாது. ஆனால் 2019-ல் வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் உண்டு. சத்தம், புகை அளவை தாண்டினால் 190-வது பிரிவில் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் தனி. எப்.சி.க்கு போகும் வாடகை கார்கள் இதில் ஆசைப்படாமல் இருப்பதே நல்லது.

செலவில்லாத வழி

வண்டி இழுக்கவில்லை என்றால் முதலில் பழைய டப்பாவை திறந்து பில்டரை பாருங்கள். கறுத்து அடைத்திருந்தால் மாற்றுங்கள். கோன் பில்டர் விலையோடு ஒப்பிட்டால் இது ரொம்பவே குறைவு. டப்பாவின் வாயில் இலை, பாலிதீன் பை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிலருக்கு பிரச்சினை இதோடு தீர்ந்து விடும்.

அதையும் மீறி கோன் பில்டர் மாட்டினால், கழற்றிய டப்பாவை கடையிலேயே விட்டு விடாமல் வீட்டுக்கு எடுத்து வந்து பத்திரமாக வையுங்கள். மழை தொடங்கும் முன்பு திரும்ப மாட்டவும், வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்டால் கொடுக்கவும் அது வேண்டும்.