பீரங்கிக்குப் போவது எவ்வளவு?

2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி ரூபாய். சுகாதார அமைச்சகத்துக்கு ஏறத்தாழ 1 லட்சம் கோடி. 'ஆஸ்பத்திரிக்கு இல்லாத பணம் பீரங்கிக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?' என்ற கேள்வி பட்ஜெட்தோறும் எழுகிறது. கேள்வி நியாயமானது, கணக்குதான் அரைகுறை. ராணுவத்தின் செலவு முழுக்க மத்திய அரசுடையது. பொதுச் சுகாதாரமோ மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கல்வி 1976-இல் பொதுப் பட்டியலுக்குப் போனாலும், அரசுப் பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்தைப் பெரும்பாலும் மாநிலங்களே கொடுக்கின்றன. டெல்லியின் கணக்கை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பாதிதான் தெரியும்.

அந்த 6.81 லட்சம் கோடியும் பீரங்கிக்குப் போவதில்லை. விமானம், கப்பல், ஆயுதம் உள்ளிட்ட மூலதனச் செலவு 1.80 லட்சம் கோடி. ஓய்வூதியம் மட்டும் 1.61 லட்சம் கோடி. சுகாதார அமைச்சகத்தின் மொத்த ஒதுக்கீட்டைவிட அதிகம்! படையை இளமையாக வைத்திருக்க, சிப்பாய்களைப் பெரும்பாலும் நாற்பது வயதுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓய்வூதியம் தர வேண்டும். 2015-இல் அறிவித்த 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' இந்தத் தொகையை மேலும் ஏற்றியது. அது முன்னாள் படைவீரர்கள் பல்லாண்டுகள் போராடிப் பெற்றது. வீண் செலவு என்று தள்ள முடியாது. ஆனால் பழைய தளவாடங்களை மாற்றுவதற்கான பணத்தோடு முட்டி மோதுவது பள்ளிக்கூடத்தைவிட இந்த ஓய்வூதியம்தான்.

2022 ஜூனில் வந்த அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டத்தை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அரசு சொன்ன காரணம், படையை இளமையாக்குவது. நான்கு ஆண்டுப் பணி. முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்கே நிரந்தர இடம். மற்றவர்களுக்கு 'சேவா நிதி' என்று ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும், ஓய்வூதியம் கிடையாது. நீண்ட காலத்தில் பாதுகாப்புத் துறைக்கு இது பெரிய மிச்சம்.

நாட்டுக்கும் மிச்சமா என்பது வேறு கணக்கு. இருபதுகளின் நடுவில் வெளியே வரும் அந்த இளைஞர்களுக்கு வேலை வேண்டும். மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 சதவீத இடஒதுக்கீடு என்று உள்துறை அமைச்சகம் 2022-இல் அறிவித்தது. சில மாநிலங்கள் தங்கள் காவல் துறையில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கின்றன. பாதுகாப்புக் கணக்கில் குறையும் தொகையில் ஒரு பங்கு உள்நாட்டுக் கணக்கில் ஏறப்போகிறது. எவ்வளவு என்பது, 2026 இறுதியை ஒட்டி முதல் அணி வெளியே வரத் தொடங்கும்போதுதான் தெரியவரும்.