வலி வந்தால் வாட்ச்சைப் பாருங்க!

பி.காம். படித்தவனுக்கு அந்தப் படிப்பு வாழ்க்கையில் எதற்காவது உதவுமா? எனக்கு ஒரே ஒரு தடவை உதவியது. மனைவிக்கு ஒன்பதாம் மாதம் நடந்தபோது!

ஆபீஸில் ஆயிரம் ஃபைலை ஒரு கை பார்க்கும் நாம், ‘என்னங்க... வலிக்குது’ என்ற ஒரு வார்த்தையில் ஆடிப் போகிறோம். பாதிப் பேர் உடனே ஆட்டோவைக் கூப்பிடுகிறோம். மீதிப் பேர் ‘காலைல பார்த்துக்கலாம், படு’ என்று திரும்பிப் படுக்கிறோம். முதல் ரகம் பாதி ராத்திரியில் போய், ‘இது வலியே இல்லை’ என்று திருப்பி அனுப்பப்படும். இரண்டாவது ரகத்துக்கு ஆட்டோவிலேயே பிள்ளை பிறந்துவிடலாம்.

பம்மல்காரர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். குரோம்பேட்டை அரசு மருத்துவமனை பக்கம்தான். ஆனால், 1844-ல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பதிந்திருந்தால்? வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம் சந்தைக் கூட்டத்தைத் தாண்டியாக வேண்டும். வெளியே வரத் துடிக்கும் பிள்ளைக்கு ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக் பற்றி என்ன தெரியும்!

எங்கள் வீட்டில் முதல் அலாரம், டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னால், ராத்திரி பதினொரு மணிக்கு அடித்தது. நான் செருப்பை மாட்ட, ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் தடுத்தார்.

“பதறாதீங்க மாப்பிள்ளை. சூட்டு வலியா இருக்கும். சீரகத் தண்ணி வச்சுத் தரேன். சூட்டு வலின்னா அடங்கிடும். நெச வலின்னா நிக்காம ஏறும்!”

தலைமுறை தலைமுறையாக நடக்கும் பரீட்சை இது. சீரகத்தின் மகிமையோ இல்லையோ, தத்துவம் சரிதான். பொய் வலி, தண்ணீர் குடித்தால், ஒருக்களித்துப் படுத்தால், நாலு எட்டு நடந்தால் அடங்கும். நிஜ வலி எதற்கும் மசியாது. 1872-ல் இந்தப் பொய் வலியைப் பற்றி எழுதிய பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டரின் பெயரைத்தான் மருத்துவ உலகம் அதற்கு வைத்திருக்கிறது. கர்ப்பப்பை பார்க்கும் ஒத்திகை! நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியாரின் ஊர்க்காரனுக்கு ஒத்திகை எது, நாடகம் எது என்று தெரிய வேண்டாமா?

மாமியார் அடுப்படிக்குப் போக, நான் நோட்டை எடுத்தேன். மூன்று கட்டம். வலி ஆரம்பித்த நேரம், நின்ற நேரம், இடைவெளி. (ஒரு வலியின் ஆரம்பத்திலிருந்து அடுத்த வலியின் ஆரம்பம் வரைதான் இடைவெளி. நின்றதிலிருந்து எண்ணினால் கணக்கு உதைக்கும்!) அன்றைய கணக்கு: 20 நிமிஷம், 9, 34, 15... ஒழுங்கே இல்லை. ஒரு மணிக்கு அவள் தூங்கியே போனாள்.

எட்டாம் நாள் விடியற்காலை மறுபடியும். “இடுப்புல பின்பக்கமா ஆரம்பிச்சு முன்னாடி வந்து இறுக்குதுங்க.” நோட்டைத் திறந்தேன். 12, 10, 10, 8, 7, 6, 5... அரை நிமிஷம் நீடித்த வலி ஒரு நிமிஷத்தைத் தொட்டது. நடந்தாலும் குறையவில்லை. வலி வரும்போது பேச்சு பாதியில் நின்றது. லேசாக ரத்தம் கலந்து சளி போலப் பட்டிருந்தது. மாமியார் சீரக டப்பாவைத் தொடவே இல்லை.

“கெளம்புங்க மாப்பிள்ளை!”

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை வலி?” நோட்டை நீட்டினேன். ஆடிட்டரிடம் கணக்கு கொடுத்தபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

டாக்டர்களும் கணக்குப்பிள்ளைகள்தான். கர்ப்பப்பை வாய் எத்தனை மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் திறந்தது என்று 1954-ல் ஃபிரீட்மேன் என்ற அமெரிக்க டாக்டர் கிராஃப் போட்டுக் காட்டினார். முழுசாகத் திறந்தால் 10. பொய் வலி எத்தனை வந்தாலும் வாய் திறக்காது. நிஜ வலி திறக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். அதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். நம் கையில் இருப்பது கடிகாரம்.

முதல் பிரசவத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு 5-1-1. அதாவது 5 நிமிஷத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் 1 நிமிஷம், இப்படியே 1 மணி நேரம். இரண்டாவது பிரசவம் வேகமாக முடியலாம். அதனால், அப்போதும், வீடு தூரமாக இருந்தாலும், இந்தக் கணக்குக்குக் காத்திராமல் முன்பே கிளம்பிவிட வேண்டும்.

நோட்டைத் தூக்கிப் போட வேண்டிய நேரங்களும் உண்டு. பனிக்குடம் உடைந்தால், வலியே இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து வையுங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அவசரம். மாதவிலக்கு போல ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு வந்தாலோ, 37 வாரம் முடியுமுன் வலி கண்டாலோ சீரகமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் இலவச ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அடியுங்கள். சந்தேகமா? ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக் கேளுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. டாக்டர் எழுதித் தரும் தேதி, 280 நாள் கணக்கில் போட்டது. அன்றைக்கே பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலர்தான். அதனால் அந்தத் தேதிக்கு மட்டும் லீவு சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். 37-வது வாரத்திலிருந்தே பை, பரிசோதனை ஃபைல், கொஞ்சம் ரொக்கம், ராத்திரியில் கூப்பிட்டால் வரும் ஆட்டோக்காரர் நம்பர் எல்லாம் வாசல் பக்கம் தயாராக இருக்கட்டும்.

வலியில் பங்கு கேட்க நம்மால் முடியாது சார். மணியையாவது நாம் பார்க்கலாமே!