நல்லா முழிச்சுப் பாக்குற குழந்தைக்கு எதுக்குக் கண் பரிசோதனை?

போன வாரம் வடக்குத்தில் பக்கத்து வீட்டுத் தம்பி டிஸ்சார்ஜ் சீட்டு ஒன்றை நீட்டினார். 31 வாரத்தில் பிறந்த அவர் மகளுடையது. கடைசி வரியில் 'ஆர்.ஓ.பி. பரிசோதனை' என்று இருந்தது. "கொழந்த நல்லா முழிச்சுப் பாக்குதுண்ணே, வெயிட்டும் ஏறிடுச்சு. இதுக்காக லீவு போட்டுப் பாண்டிச்சேரி போகணுமா?" போயே ஆகணும் என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விழித்திரையின் ரத்தக்குழாய்கள் நாலாம் மாதவாக்கில் நடுவிலிருந்து கிளம்பி, பிரசவ நாள் நெருங்கும்போதுதான் ஓரத்தைத் தொடும். குறைமாதத்தில் பிறந்தால் வேலை பாதியில் நிற்கும். கருப்பையில் ஆக்சிஜன் குறைவு. அந்தக் குறைவுதான் குழாய்களை வளரச் சொல்லும் சைகை. வெளியே வந்து ஆக்சிஜனும் கூடுதலாகக் கிடைத்தால் சைகை அடங்கிவிடும். போதாததற்கு, உபரி ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் ஃப்ரீ ரேடிக்கல்கள் விழித்திரையின் கொழுப்பைத் தாக்கும். பழைய மல்லாட்டை காறலடிக்கிறதே, ஏறக்குறைய அதே வேதியியல்தான். இதைத் தடுக்கும் வைட்டமின் ஈயும் நொதிகளும் கடைசி மாதங்களில்தான் குழந்தைக்குச் சேரும். இவளுக்கு அந்த மாதங்களே கிடைக்கவில்லை.

சில வாரம் கழித்து, வளர்ந்துவரும் விழித்திரைக்கு ஆக்சிஜன் போதாமல் போகும். அடங்கிய சைகை இப்போது வெறிபிடித்தாற்போல் திரும்பும். கண்டபடி முளைக்கும் குழாய்கள் கசிந்து, தழும்பாகி, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும்.

அப்போ ஆக்சிஜனே குடுக்காம இருந்தா என்ன? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1951இல் மெல்பர்னில் கேட் காம்ப்பெல் ஆக்சிஜன் மேல் சந்தேகத்தைக் கிளப்பினார். அதன்பின் ஆக்சிஜனைக் குறைத்தார்கள். பார்வையிழப்பு குறைந்தது, மரணம் கூடியது. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்விலும் ஆக்சிஜன் செறிவை 85-89 சதவீதத்தில் வைத்த குழந்தைகளுக்குக் கண் நோய் குறைவு, இறப்பு அதிகம். அதனால் டாக்டர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அந்த ஆக்சிஜன்தான் பிள்ளையைக் காப்பாற்றியது.

ஆனால் பரிசோதனையை விட்டால் மன்னிப்பில்லை. 1996 ஆகஸ்டில் எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29ஆம் வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கண்ணைப் பார்க்கணும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. பார்வை போனது. உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது 2015இல். அதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டது.

நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை. 28 வாரத்துக்கு முன் பிறந்தால் இன்னும் சீக்கிரம். வெளியே பார்த்தால் கண்ணில் ஒன்றும் தெரியாது. உரிய நேரத்தில் லேசரோ ஊசியோ போட்டால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். விழித்திரை பிரிந்தபின் செய்ய அதிகமில்லை.

தம்பி மகளுக்கு இன்றோடு 26 நாள். நாளைக் காலை கிளம்புகிறார்கள். பரிசோதனைக்குச் சற்று முன்னால் பால் கொடுக்காதீங்க, வாந்தி எடுக்கும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அப்புறம், ஒரு தடவை பார்த்தால் முடியாது. குழாய்கள் ஓரம் தொடும்வரை அவங்க சொல்லும் தேதிக்கெல்லாம் போகணும். லீவை அதுக்கு எடுத்து வச்சுக்கணும்.