செத்துப் பிழைத்த செயற்கைக் கோள்

செத்துவிட்டது என்று பலரும் நினைத்த ஒன்று, மீண்டும் உயிர் பெற்று எழுந்த கதை இது. எழுந்தது மனிதன் அல்ல. டெலிவிஷன் படம் காட்டுவதற்காக ஆகாயத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு செயற்கைக் கோள்! அதன் பெயர் 'ஒலிம்பஸ்'.

ஐரோப்பிய நாடுகள் பல ஒன்று சேர்ந்து அதைச் செய்தன. 1989ஆம் ஆண்டு ஜூலை 12ந் தேதி, தென் அமெரிக்காவில் உள்ள கூரூ என்ற இடத்திலிருந்து 'ஏரியான்' ராக்கெட் அதைத் தூக்கிச் சென்றது. அதன் எடை சுமார் 2,600 கிலோ. யானை கூட அந்தக் கனம் இருக்கும் அல்லவா!

பூமியிலிருந்து 36,000 கிலோ மீட்டர் உயரத்தில் அது நிறுத்தப்பட்டது. பூமி சுழலும் வேகத்திலேயே அதுவும் சுற்றும். ஆகையால், கீழே இருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். நிலையத்திலிருந்து வரும் படத்தை வாங்கி, அது வீடுகளுக்குத் திருப்பி அனுப்பும். இத்தாலி நாட்டு டெலிவிஷனுக்கு அது உதவியது. கல்லூரிப் பாடங்களும் அதன் வழியாக நடந்தன.

முதல் அடி

செயற்கைக் கோளுக்கு மின்சாரம் தருவது சூரிய வெளிச்சம். அதற்காக ஒலிம்பஸுக்கு இரண்டு நீண்ட இறக்கைகள் இருந்தன. அவை சூரியனை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். 1991 ஜனவரியில் ஓர் இறக்கை திரும்பவில்லை. மற்றொன்றின் மின்சாரத்தில் காலம் ஓடியது.

மே 29ந் தேதி பெரிய ஆபத்து வந்தது. செயற்கைக் கோள் நிலை தவறிச் சுழல ஆரம்பித்தது. இறக்கையில் வெயில் சரியாக விழவில்லை. மின்சாரம் நின்றது. பாட்டரிகள் குளிர்ந்து உறைந்தன. மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் உறைவது போல, எரிபொருளும் உறைந்தது. உயிரற்ற கட்டையாக அது தன் இடத்தை விட்டு, நாளுக்கு 5 டிகிரி வீதம் கிழக்கே நகர்ந்து போயிற்று.

நிதானமே வைத்தியம்

ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் இருந்த நிபுணர்கள் மனம் தளரவில்லை. பூமி சூரியனைச் சுற்றி வருவதால், நாளாக ஆக இறக்கையில் வெயில் படும் கோணம் மாறும். கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். அந்த நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். பல நாட்டு நிலையங்களிலிருந்தும் அதற்குக் கட்டளைகள் அனுப்பப்பட்டன.

ஜூன் மாதத்தில் அது பதில் சொன்னது!

ஆனால் யாரும் அவசரப்படவில்லை. முதலில் பாட்டரிகளுக்குச் சூடு காட்டினார்கள். பிறகுதான் எரிபொருளுக்கு. அதையும் ஒரே சீராக உருக்க வேண்டும். ஒரு பக்கம் உருகி, மறு பக்கம் உறைந்திருந்தால் குழாய் வெடித்துவிடலாம். உருகிய பின், சுழற்சியை நிறுத்தினார்கள். பூமியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு, 77 நாட்களுக்குப் பிறகு ஒலிம்பஸ் தன் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. டெலிவிஷன் படம் மறுபடி தெரிந்தது.

கடைசி இரவு

இரண்டு ஆண்டுகள் சென்றன. 1993 ஆகஸ்ட் 11ந் தேதி இரவு, வானத்தில் எரிநட்சத்திரங்கள் மழையாகப் பொழிந்தன. அந்த நேரத்தில் ஒலிம்பஸ் மீண்டும் நிலை தவறியது. வால் நட்சத்திரம் விட்டுச் சென்ற ஒரு துகள் தாக்கியிருக்கலாம் என்று சந்தேகித்தார்கள்.

இந்தத் தடவையும் அதைக் கட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால், அதற்குள் எரிபொருள் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. எரிபொருள் இல்லாமல் செயற்கைக் கோள் தன் இடத்தில் நிற்க முடியாது. மிச்சம் இருந்த துளியைக் கொண்டு, மற்ற செயற்கைக் கோள்களுக்கு இடைஞ்சல் இல்லாதபடி அதை ஒதுக்கிவிட்டு, அந்த மாதமே அதன் வேலையை முடித்துவிட்டார்கள்.

நான்கு ஆண்டுகளே வாழ்ந்தாலும், ஒலிம்பஸ் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. மூச்சு நின்றதாகத் தோன்றினாலும் கைவிடக் கூடாது. காப்பாற்றும்போது பதறவும் கூடாது. அந்த 77 நாட்களின் அனுபவம் பின்னால் வந்தவர்களுக்குச் சொத்தாக நின்றது.