இரவுக் கபடியும் சிரிப்பு மேடையும்: படம் ஏன் கலங்கியது என்று கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

புதிதாக டிஜிட்டல் கேமரா வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டு வாசலில் குழந்தையை எடுத்தால் படம் பளிச்சென்று வருகிறது. அதே கேமராவுடன் ஊரில் நடக்கும் இரவுக் கபடிப் போட்டிக்குப் போனால் எல்லாப் படமும் கலங்கலாக வருகிறது. ஸ்டாண்ட்-அப் காமெடி நிகழ்ச்சிக்குப் போனால் பேசுபவரின் முகம் வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. இதைவிட விலை உயர்ந்த கேமராதான் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. முதலில் நீங்கள் வாங்கியிருக்கும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தி, படம் ஏன் கெட்டது என்று கண்டுபிடியுங்கள். பெரிய போட்டிகளை எடுக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் வருவார்கள். உங்கள் தெருக் குழுவின் போட்டிக்கு நீங்கள் மட்டும்தான் கேமராவுடன் நிற்பீர்கள். கடைசி நிமிடத்தில் வெற்றிப் புள்ளி எடுத்த பையன் மறுநாள் உங்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணா, என் போட்டோ இருக்கா?" என்று கேட்பான். அப்போது காட்ட ஒரு படமாவது தெளிவாக இருக்க வேண்டும் அல்லவா?

படத்துக்குள் ஒளிந்திருக்கும் குறிப்பு

ஒவ்வொரு படத்தையும் எடுக்கும்போது, அதை எப்படி எடுத்தது என்பதையும் கேமரா அந்த பைலுக்குள்ளேயே எழுதி வைக்கிறது. இதற்கு எக்ஸிப் தகவல் என்று பெயர். இதைப் பார்க்கத் தனி சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை.

கேமராவிலிருந்து காப்பி செய்த ஒரு படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, கிடைக்கும் மெனுவில் ப்ராப்பர்ட்டீஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். படத்தைத் தேர்ந்தெடுத்து ஆல்ட் + என்டர் தட்டினாலும் இதே விண்டோ கிடைக்கும். அதில் டீட்டெயில்ஸ் என்ற டேபைக் கிளிக் செய்து சற்றுக் கீழே வந்தால் எப்-ஸ்டாப், எக்ஸ்போஷர் டைம், ஐ.எஸ்.ஓ. ஸ்பீட் என்று மூன்று வரிகள் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தில் இவை இருக்காது. கேமராவிலிருந்து நேரடியாக எடுத்த பைலைத்தான் பார்க்க வேண்டும்.

நூறு படங்களையும் இப்படி ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம். படங்கள் உள்ள போல்டரைத் திறந்து வியூ மெனுவில் டீட்டெயில்ஸ் என்பதைத் தேர்வு செய்திடுங்கள். மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து மோர் என்பதைக் கிளிக் செய்தால் நீண்ட பட்டியல் ஒன்று வரும். அதில் எக்ஸ்போஷர் டைம், ஐ.எஸ்.ஓ. ஸ்பீட் ஆகியவற்றுக்கு எதிரே டிக் செய்து ஓகே தாருங்கள். இப்போது எல்லாப் படங்களின் அளவுகளும் ஒரே அட்டவணையாகக் கிடைக்கும். தெளிவான படங்கள் எந்த எண்ணில் உள்ளன, கலங்கிய படங்கள் எந்த எண்ணில் உள்ளன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். காரணம் உங்களுக்கே புரிந்துவிடும்.

மூன்று எண்கள் சொல்வது என்ன?

எக்ஸ்போஷர் டைம் என்பது ஷட்டர் திறந்திருந்த நேரம். 1/50 என்றால் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. கபடி வீரரின் கை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1/50 நொடியில் அது 10 செ.மீ. நகர்ந்துவிடும். படத்தில் கை இருக்காது, புகை போன்ற கோடுதான் இருக்கும். 1/500 நொடியில் அதே கை 1 செ.மீ. மட்டுமே நகரும். படம் தெளிவாக வரும்.

ஆனால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால், உள்ளே வரும் வெளிச்சமும் பத்தில் ஒன்றாகக் குறையும். அதை ஈடு கட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டுவது. இதனால் படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரியும். மற்றொன்று, லென்ஸின் துளையைப் பெரிதாக்குவது. எப்-ஸ்டாப் எண் எவ்வளவு சிறியதோ, துளை அவ்வளவு பெரியது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். கேமராவுடன் வரும் 18-55 லென்ஸை முழுவதும் ஜூம் செய்தால் பெரும்பாலும் எப் 5.6 அளவுதான் கிடைக்கும். உங்கள் இரவுப் படத்தில் எப் 5.6, 1/60, ஐ.எஸ்.ஓ. 1600 என்று இருக்கிறது. இதை 1/500க்குக் கொண்டு செல்ல ஐ.எஸ்.ஓ. 12800 தேவைப்படும். அதற்குப் பதிலாக எப் 1.8 அளவுள்ள 50 எம்.எம். லென்ஸ் போட்டால் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் வரும். ஐ.எஸ்.ஓ. 1600லேயே 1/500 கிடைத்துவிடும். ஆக, செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் புதிய கேமராவைவிட இந்தச் சிறிய லென்ஸ் அதிகப் பயன் தரும். லென்ஸ் வாங்க வசதி இல்லையா? நாய்ஸ் உள்ள படத்தை ஓரளவு சரி செய்யலாம். கலங்கிய படத்தைச் சரி செய்வது கடினம். எனவே தயங்காமல் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுங்கள்.

கபடி மைதானத்தில்

கேமராவின் மோட் டயலை ஷட்டர் பிரையாரிட்டிக்குத் திருப்புங்கள். கானன் கேமராவில் டி.வி. என்றும், நிக்கான், சோனி கேமராக்களில் எஸ் என்றும் இருக்கும். வேகத்தை 1/500 என்று செட் செய்து ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டுவிடுங்கள். போகஸை வீரரைத் தொடர்ந்து பிடிக்கும் கன்டின்யுவஸ் நிலையில் வையுங்கள்.

எங்கே நிற்பது என்பதும் முக்கியம். ஆண்கள் கபடித் தளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. ரைடர் எதிரணிப் பக்கம் போகும்போது அவர் முகம் எதிரணியின் கடைசிக் கோட்டை நோக்கி இருக்கும். பிடிபட்ட பின்பு நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டுவார். ஆட்டத்தின் உச்சம் அந்த நொடிதான். எனவே பக்கவாட்டில், நடுக்கோட்டிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நடுக்கோட்டின் முனையில் அம்பயர் நிற்பார். அவர் பாதையில் இருக்கக் கூடாது. ப்ளாஷ் வேண்டவே வேண்டாம். வீரரின் கண் கூசினால் அடிபட வாய்ப்புண்டு.

வரிசையாக எடுத்த படங்களில் சில மட்டும் இருட்டாகவோ மஞ்சளாகவோ இருந்தால் கேமராவில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது. 1/500 நொடியில் எடுக்கும் கேமரா அதைப் பிடித்துவிடும். உங்கள் கேமராவில் ஆன்டி-ப்ளிக்கர் என்ற வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு தருணத்திலும் நான்கைந்து படங்களைத் தொடர்ந்து எடுங்கள். ஒன்றாவது நன்றாக அமையும்.

மொபைல் போனில் எடுப்பவர்கள் நைட் மோடை நிறுத்திவிட வேண்டும். அது பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் முறை. அசையாத கோபுரத்துக்குப் பொருந்தும், ஓடும் வீரருக்குப் பொருந்தாது.

சிரிப்பு மேடையில்

காமெடி அரங்கும் இருட்டுதான். ஆனால் இங்கே பேசுபவர் ஓடுவதில்லை. அதனால் 1/500 தேவையில்லை, 1/100 போதும். விளக்குகளின் துடிப்பும் இந்த வேகத்தில் பெரும்பாலும் தொந்தரவு தராது.

இங்கே பிரச்னை வேறு. பின்னால் கறுப்புத் திரை, முகத்தில் ஸ்பாட்லைட். கேமரா கறுப்பைப் பார்த்து, வெளிச்சம் குறைவு என்று நினைத்துப் படத்தை அதிகமாக வெளுக்கச் செய்கிறது. முகம் வெள்ளைத் திட்டாக வருவது இதனால்தான். ப்ளஸ், மைனஸ் குறியிட்ட எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பட்டனை அழுத்தி மைனஸ் 1 என்று வைத்தால் முகம் சரியாகக் கிடைக்கும்.

பேசும்போது மைக் வாயை மறைக்கும். பஞ்ச் வரியைச் சொல்லி முடித்து, மைக்கைச் சற்று இறக்கி, கூட்டம் சிரிப்பதை அவர் பார்க்கும் நொடியில் எடுங்கள். அவருடைய முகபாவம் முழுவதும் அப்போதுதான் தெரியும்.

சில மரியாதைகளையும் கடைப்பிடிக்க வேண்டும். நிகழ்ச்சி நடத்துபவரிடம் முன்பே அனுமதி கேளுங்கள். ப்ளாஷ், போகஸுக்கு உதவும் சிறு விளக்கு, பீப் சத்தம் மூன்றையும் நிறுத்துங்கள். வீடியோவும் ஆடியோவும் எடுக்காதீர்கள். ஒரு ஜோக்கை மெருகேற்ற, கலைஞர் அதைப் பல மாதங்கள் பல ஊர்களில் சொல்லிப் பார்ப்பார். அலெக்சாண்டர் பாபுவின் அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட் பல மேடைகளில் நடந்த பிறகே 2019ல் அமேசான் பிரைமில் வந்தது. ஒருவர் மொபைலில் பதிவு செய்து அனுப்பிவிட்டால், அடுத்த ஊரில் அந்த ஜோக்குக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். அவருக்கு அது பிழைப்பு.

இன்னொன்று. முதல் பத்து நிமிடம் படம் எடுங்கள். பிறகு கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுச் சிரியுங்கள். அதற்குத்தானே டிக்கெட் வாங்கினீர்கள்?

கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது

ஒரு கபடிப் போட்டி 40 நிமிடம். ஒரு ரைடுக்கு 30 நொடி என்று வைத்தால் 80 ரைடுகள். ஒவ்வொன்றுக்கும் 5 படம் எடுத்தால் 400 படங்கள். ஒரு படம் 8 எம்.பி. என்றால் மொத்தம் 3.2 ஜி.பி. இவற்றை அப்படியே டெஸ்க்டாப்பில் கொட்டினால் ஒரே மாதத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது.

1. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு போல்டர் உருவாக்குங்கள். பெயரை 2025-01-16 கபடி என்பது போல வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தாருங்கள். போல்டர்கள் தாமாகவே தேதி வரிசையில் நிற்கும். விண்டோஸில் தமிழிலேயே பெயர் தரலாம்.

2. கார்டிலிருந்து கட் செய்யாதீர்கள், காப்பி மட்டும் செய்யுங்கள். பாதியில் மின்சாரம் போனாலும் கார்டில் படங்கள் பத்திரமாக இருக்கும்.

3. அதே போல்டரை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலும் காப்பி செய்யுங்கள். இரண்டு போல்டர்களின் ப்ராப்பர்ட்டீஸிலும் பைல்களின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே கார்டை கேமராவில் வைத்து பார்மட் செய்ய வேண்டும்.

4. வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது போன்ற வேலைகளை எப்போதும் ஒரு நகலில் செய்யுங்கள். ஒரிஜினல் அப்படியே இருக்கட்டும். நாய்ஸ் குறைக்க டார்க்டேபிள், பொதுவான திருத்தங்களுக்கு கிம்ப் என இரண்டு இலவச சாப்ட்வேர்கள் உள்ளன.

தவறி அழித்துவிட்டால்

காப்பி செய்யும் முன்பே கார்டை பார்மட் செய்துவிட்டீர்களா? உடனே கார்டை வெளியே எடுங்கள். அதில் ஒரு படம் கூடப் புதிதாக எடுக்காதீர்கள். பார்மட் செய்யும்போது பெரும்பாலும் பட்டியல்தான் அழிகிறது, படங்களின் தகவல் அங்கேயே இருக்கும். புதிய படம் எடுத்தால் பழையதன் மேல் எழுதப்பட்டுவிடும். போட்டோரெக் என்ற இலவச சாப்ட்வேர் மூலம் பல நேரங்களில் மீட்டுவிடலாம். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் சேமியுங்கள்.

கொடுக்கும் முன்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டே செல்லும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் முழு அளவில் போகும். ஆனால் அப்போது எக்ஸிப் தகவலும் கூடவே போகும். மொபைலில் எடுத்த படம் என்றால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் அதில் இருக்கலாம். டீட்டெயில்ஸ் டேபின் அடியில், ப்ராப்பர்ட்டீஸையும் சொந்தத் தகவல்களையும் நீக்கும் ஒரு லிங்க் இருக்கிறது. அதைக் கிளிக் செய்தால் இவற்றை நீக்கிய நகல் ஒன்று கிடைக்கும். சிறுவர், சிறுமியர் விளையாடும் படங்களை அவர்கள் பெற்றோரைக் கேட்காமல் பொதுவில் போடாதீர்கள்.

படத்தை பிரிண்ட் போட்டுத் தருவது இன்னும் நல்லது. 6 x 4 அங்குல பிரிண்டுக்கு 1800 x 1200 பிக்ஸல் போதும். பாதிப் படத்தை வெட்டி எறிந்தாலும் இன்றைய கேமராக்களில் அந்த அளவு மிஞ்சும்.

அடுத்த போட்டிக்குப் போய்விட்டு வந்ததும், நல்ல படங்களை மட்டும் பார்த்து மகிழ்ந்து மூடிவிடாதீர்கள். கெட்ட படங்களில் பத்தை எடுத்து அவற்றின் எண்களைப் பாருங்கள். அதற்கடுத்த போட்டியில் எதை மாற்ற வேண்டும் என்று அவை சொல்லும். போட்டோ கேட்டு வீடு தேடி வரும் அந்தப் பையனின் கையில் அடுத்த முறை ஒரு பிரிண்டையே கொடுத்துவிடலாம்.